எச்சிலும் அன்பும்

ஆங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1973ஆம் ஆண்டு புதுநகரை எழுப்பத் தொடங்கியது. ரப்பர் மரங்களும் காய்கறித் தோட்டங்களும் கம்பத்து வீடுகளும் இருந்த இடத்தில், பத்தாண்டுகள் நிறைவதற்குள் அடுக்குமாடிகள் வரிசை வரிசையாய் நிமிர்ந்து நின்றன. அவற்றுள் ஒரு மூவறை வீட்டில், 1979ஆம் ஆண்டு, ஜாலான் காயுப் பக்கத்துக் கம்பம் ஒன்றிலிருந்து மணப்பெண்ணாக வந்து குடிபுகுந்த தமிழாசிரியை ஒருவர் இன்றும் அதே வீட்டில் வாழ்ந்து வருகின்றார். கணவர் காலமாகிவிட்டார். பணி ஓய்வும் வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கட்பேறு அதிகாரத்தை மாணவர்க்குக் கற்பித்தவருக்குத் தம் பேரக் குழந்தையைக் கையில் ஏந்தும் பேறு எழுபதாம் வயதில்தான் கிட்டியது. கிட்டிய பன்னிரண்டாம் நாளே அதற்கு ஓர் இடையூறும் வந்தது. அந்த இடையூறு மிளகளவே இருந்தது. அவருடைய உதட்டின் வலக்கோடியில் இருந்தது.

அந்தக் கொப்புளம் அவருக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் வரும் பழைய விருந்தாளி அது. ஆண்டிறுதித் தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டுகள் மேசையில் ஏறும் காலத்தில் உதட்டோரம் முதலில் குறுகுறுக்கும், பிறகு எரியும். மறுநாள் நீர்கோத்த சிறு முத்துகள் நான்கைந்து ஒன்றாய்த் திரளும். அவை உடைந்து, கசிந்து, மஞ்சள் பொருக்காகி, ஏழெட்டு நாளில் உதிர்ந்துவிடும். வடு இராது. மாணவர்கள் அதற்குத் ‘தேர்வுப் பொட்டு’ என்று பெயர் வைத்திருந்தனர் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவர் போல இருந்துவிட்டார். விளையாட்டு விழா நாளில் திடலின் வெயிலில் நின்றாலும் வரும். காய்ச்சல் கண்டாலும் வரும்.

அதற்குக் காரணம் சொல்ல ஆளா இல்லை? பல்லி மூத்திரம் பட்டுவிட்டது என்று அவருடைய தாயார் சொல்வார். எட்டுக்கால் பூச்சி உறங்கும்போது உதட்டில் ஏறியிருக்கும் என்பார் மாமியார். அடுத்த வீட்டுச் சீன மூதாட்டிக்கு அது உடற்சூடு. புட்டியில் லியாங் தே நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துக் குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார். எதிர் வீட்டு மலாய் அம்மையாரும் சூடுதான் என்று தலையசைப்பார். நான்கு மொழி பேசும் நாட்டில் மக்கள் ஒருமித்து ஒப்புக்கொண்ட கருத்துகள் சிலவே; இந்தச் சூடு அவற்றுள் ஒன்று. விந்தை என்னவென்றால், ஆங்கிலேயர் இதே கொப்புளத்தைக் குளிர்ப் புண் என்றே அழைக்கின்றனர். சளியும் காய்ச்சலும் வரும்போது இது தலைகாட்டுவதால் அவர்கள் குளிரைப் பழித்தனர். நம்மவர் சூட்டைப் பழித்தனர். இரு சாராரும் கண்டது உண்மை; கொண்ட முடிவே பிழை. காய்ச்சலும் வெயிலும் களைப்பும் மனக்கவலையும் அந்தக் கொப்புளத்தை எழுப்பிவிடுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயின் எழுப்பப்படுவது எது? உறங்கிக்கொண்டிருக்கும் ஒன்றைத்தானே எழுப்ப முடியும்?

அந்தக் கேள்வி எழாமலே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

குழந்தை பிறந்தது தேக்காவுக்கு அருகிலுள்ள கேகே மருத்துவமனையில். 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்து, உலகிலேயே ஓராண்டில் மிகுதியான பிறப்பைக் கண்ட மருத்துவமனை என்று பெயர் பெற்ற கண்டாங் கர்பாவ் மருத்துவமனையே பின்னாளில் சாலையைக் கடந்து, 1997ஆம் ஆண்டு இன்றைய கட்டடத்துக்கு வந்தது. ஆசிரியையின் மகனும் பழைய கட்டடத்தில் பிறந்தவனே. மருமகள் ஈப்போவைச் சேர்ந்த பெண். அவளுடைய தாயார் முழங்கால் அறுவை முடிந்து படுத்திருந்தமையால் பிள்ளைப்பேற்றுக்கு வர இயலவில்லை. ஆதலால் பத்தியச் சமையலும் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையும் மாமியார் பொறுப்பாயின. அவரும் அதனை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டார்.

பழைய முறையில் குளிப்பாட்டுவதை இன்று அடுக்குமாடிகளில் காண்பது அரிது. குறுமணையில் அமர்ந்து, கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு இடையே குழந்தையின் தலை படியுமாறு கிடத்தி, உள்ளங்கையால் எண்ணெய் நீவி, வெந்நீரை விரலிடுக்கில் வடியவிட்டு ஊற்றும் அந்தக் கைப்பழக்கம் நூலில் படித்து வருவதன்று. முடிவில் ஒரு செயல் உண்டு. குழந்தையின் மூக்கிலும் காதிலும் வாய் வைத்து மெல்ல ஊதுவார்கள். நீரும் சளியும் விலகும் என்பது நம்பிக்கை. பன்னிரண்டாம் நாள் காலை, குளிப்பாட்டி முடித்து, அவர் குழந்தையின் முகத்தருகே குனிந்தார். அன்று விடியலில் உதட்டோரம் குறுகுறுத்ததை அவர் பொருட்படுத்தவில்லை. முத்துகள் அரும்பியிருந்தன.

“அத்தை, வேண்டாம்!”

குரல் சற்று உரக்கவே வந்துவிட்டது. மருமகள் வாசலில் நின்றிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. “தவறாக நினைக்காதீர்கள், அத்தை. உங்கள் உதட்டில் இருப்பது ஹெர்பிஸ். பச்சைக் குழந்தைக்கு அது ஒட்டிக்கொண்டால் ஆபத்தாம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, குழந்தையைத் துவாலையோடு வாரி எடுத்துக்கொண்டாள்.

மாமியார் வாய் திறக்கவில்லை. வெந்நீர் அண்டாவில் நீர் ஆறிக்கொண்டிருந்தது.

அவரைச் சுட்டது விலக்கப்பட்டதைக் காட்டிலும் அந்தச் சொல். இந்நகரில் அவர் தலைமுறையினருக்கு அந்தச் சொல்லோடு ஒரு முகவரியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மிடில் ரோட்டில் ஒரு மருத்துவமனை இருந்தது. தோல் நோய்க்கும் பால்வினை நோய்க்கும் அங்கேதான் மருத்துவம் செய்தார்கள். படைநோய்க்காகச் சென்றவனும் அதன் வாயிலில் இறங்கும்போது இருபுறமும் பார்த்துக்கொண்டு இறங்குவான்; ஏனெனில் அங்கே கண்டவர் என்ன நோய் என்று கேட்கமாட்டார், தாமே ஒரு நோயை ஊகித்துக்கொள்வார். 1988ஆம் ஆண்டு தேசியத் தோல் மையம் மண்டலே சாலையில் தொடங்கப்பட்டபோது அந்த மருத்துவமனை மூடப்பட்டது. பால்வினை நோய்களுக்கான மருந்தகம் தேக்காவுக்கு அப்பால் கிளந்தான் சந்தில் தனியே அமைந்தது. கட்டடம் போயிற்று, கூச்சம் போகவில்லை.

அந்தக் கூச்சத்தை வளர்த்ததில் செய்தித்தாள்களுக்கும் பங்குண்டு. 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாளிட்ட அமெரிக்கப் பத்திரிகையான ‘டைம்’ ஹெர்பிஸ் நோயை அட்டைப்படக் கட்டுரையாக்கி, அதற்கு ‘இன்றைய செவ்வெழுத்து’ என்று பொருள்படத் தலைப்பிட்டது. ஹாதார்ன் 1850இல் எழுதிய புதினத்தில், கற்புநெறி தவறினாள் என்று ஊரார் தீர்ப்பளித்த பெண்ணின் மார்பில் அணிவிக்கும் சிவப்பெழுத்து அது. கோடிக்கணக்கான மக்களின் உதட்டில் வந்து போகும் ஒரு கொப்புளத்தின் உறவுக்காரக் கிருமிக்கு அத்தகைய முத்திரையைக் குத்தியது பெரும் பிழை. அந்த முத்திரையின் மை உலகெங்கும் பரவி, ஆங் மோ கியோவில் ஒரு மூதாட்டியின் குளியலறைவரை வந்துவிட்டது.

அன்றிரவு அவர் உறங்கவில்லை. ஒழுக்கத்தில் அணுவளவும் பிறழாமல் வாழ்ந்தவருக்கு இந்த நோய் எவ்வாறு வந்தது? மகன் என்ன நினைப்பான்? காலஞ்சென்ற கணவர்மீது பழி விழுமோ? இப்படியெல்லாம் நினைவுகள் ஓடின. மறுநாள் வீட்டில் எவருக்கும் சொல்லாமல், குடையை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குச் சென்று வரிசை எண் வாங்கி அமர்ந்தார்.

மருத்துவர் இளம் சீனப் பெண். உதட்டை ஒருமுறை பார்த்தார். கண் பக்கத்திலும் கொப்புளம் உண்டா என்று பார்த்தார். “முதன்முதல் எப்போது வந்தது?” என்று கேட்டார். ஆசிரியைக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பிறகு வந்தது. ஆறு வயது இருக்கும். கடுங்காய்ச்சல். வாய் முழுதும் புண். ஈறு வீங்கி, சோறு இறங்காமல், அம்மா மணத்தக்காளிக் கீரையை மசித்து ஊட்டியதும், அதுவும் எரிகிறது என்று அழுததும் நினைவில் எழுந்தன. மருத்துவர் புன்னகைத்தார். “அப்படியானால் உங்களிடம் இது ஆறு வயது முதல் இருக்கிறது. முத்தம் கொடுத்த பெரியவர் யாரோ தந்திருப்பார்” என்றார்.

ஆறு வயது! அந்த ஒரு சொல்லில் ஓர் இரவின் பாரம் முழுதும் இறங்கிற்று.

இக்கிருமியைப் பற்றிய செய்திகள் அறியத்தக்கவை. ஹெர்பிஸ் என்பது கிரேக்கச் சொல்; ஊர்வது, படர்வது என்னும் பொருளுடையது. வைரஸ் எனப்படும் நச்சுயிரிகளுள் எளிய ஹெர்பிஸ் இரு வகைப்படும். முதல்வகை பெரும்பாலும் வாய், உதடு ஆகியவற்றைப் பற்றுவது. எச்சிலாலும் முத்தத்தாலும் தோலோடு தோல் உரசுவதாலும் பரவுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவால் பரவுவது. முதல்வகையும் சிலவேளை அவ்வழியே செல்லக்கூடும் என்பதால் எல்லைக்கோடு கெட்டியானதன்று. ஆயினும் உதட்டில் கொப்புளம் கண்டவரைப் பார்த்து ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமை. உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, 50 வயதுக்குட்பட்ட மக்களில் 370 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 67 பேர், முதல்வகை நச்சுயிரியைச் சுமப்பவர்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் குழந்தைப் பருவத்திலேயே அது வந்துசேர்கிறது. பலருக்குக் கொப்புளமே எழுவதில்லை. தம்மிடம் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கின்றனர்.

முதல் நோய் ஆறியதும் நச்சுயிரி உடலைவிட்டு நீங்குவதில்லை. உதட்டிலிருந்து நரம்பிழை வழியே பின்னோக்கி ஏறி, காதுக்கு முன்னால் மண்டையோட்டின் அடித்தளத்தில், முகத்துக்குரிய மும்மை நரம்பின் முடிச்சில் சென்று தங்கிவிடுகிறது. அமெரிக்க நோய்க்குறியியலார் எர்னஸ்ட் குட்பாஸ்டர் 1920களில் முயல்களைக் கொண்டு ஆய்ந்து, இக்கிருமி நரம்பின் வழியே பயணம் செய்வதைக் காட்டினார். ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபர்லேன் பர்னெட், 1939ஆம் ஆண்டு, சிறு வயதில் புகும் இந்த நச்சுயிரி வாழ்நாள் முழுதும் உடலில் அடங்கிக் கிடந்து அவ்வப்போது எழுகிறது என்ற கருத்தைத் தம் துணை ஆய்வாளரோடு வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில், இறந்தோரின் நரம்பு முடிச்சிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தே காட்டிவிட்டனர். உடல் தளரும் வேளையில், காய்ச்சலோ வெயிலோ கவலையோ தட்டி எழுப்ப, அதே நரம்பில் இறங்கி, அதே உதட்டின் அதே கோடிக்கு அது வந்துசேர்கிறது. பல்லி எவ்வாறு ஆண்டுதோறும் தேர்வுக் காலம் பார்த்து, வலக்கோடியை மட்டும் தேடி வந்தது என்ற வினாவுக்கு இப்போது விடை கிடைத்தது.

அக்கி என்னும் நோயோடு இதனைக் குழப்புவோர் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆயினும் வேறுவேறு. சின்னம்மை தந்த நச்சுயிரி நரம்பு முடிச்சில் பதுங்கி, முதுமையில் உடலின் ஒருபுறமாய்ப் பட்டையாகக் கிளம்புவதே அக்கி. தமிழகத்துச் சிற்றூர்களில் குயவர் காவிமண் குழைத்து அதன்மேல் சிங்க உருவம் எழுதுவர். அதற்கு ‘அக்கி எழுதுதல்’ என்று பெயர். சில வாரங்களில் தானே ஆறும் நோய்க்குச் சிங்கம் நற்பெயர் வாங்கிக்கொண்டது. ஆறும்வரை சொறியாமல் காத்த அளவில் காவிமண்ணுக்கும் ஒரு சிறு பங்கு கொடுக்கலாம்.

மருத்துவர் சொன்னவற்றுள் ஆசிரியை எழுதிக்கொண்டவை சில. குறுகுறுப்பு தொடங்கியது முதல் பொருக்கு உதிர்ந்து தோல் முழுதும் ஆறும்வரை மிகுதியாகப் பரவும். கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் கிருமி சிறிதளவு வெளிப்படக்கூடும். புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வை மங்கலாம். உடலுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் கிருமி நெடுநேரம் நில்லாது. ஆகவே வீட்டுச் சுவரையும் கதவையும் அஞ்ச வேண்டுவதில்லை. வளர்ந்தவருக்கு இது பெரும்பாலும் தொல்லை மட்டுமே.

பச்சைக் குழந்தையின் நிலை வேறு. பிறந்து நான்கு முதல் ஆறு வாரம்வரை அதன் உடலுக்கு இக்கிருமியை ஓரிடத்தில் தடுத்து நிறுத்தும் வலிமை இல்லை. தோல், கண், வாய் என்று தொடங்கி மூளைக்கும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் அது பரவிவிடக்கூடும். பெரும்பாலும் பேறுகாலத்தில் தாயிடமிருந்தே தொற்றும். சிறுபான்மை, பிறந்த பின் முத்தத்தாலும் எச்சிலாலும் தொற்றும். அரிய நோய்தான், உலகளவில் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழப் பத்து என்பது கணக்கு. ஆயினும் மருந்து காணாத காலத்தில், உடலெங்கும் பரவிய குழந்தைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் இறந்தன. இன்றும் இரத்தக்குழாய் வழியே இரண்டு மூன்று வாரம் மருந்து செலுத்த வேண்டும். பிழைத்தாலும் சிலவேளை மூளை பழுதுபடும். பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், காய்ச்சல், வலிப்பு, தோலில் நீர்க்கொப்புளம் என இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மூக்கில் வாய் வைத்து ஊதும் வழக்கத்தைச் சொன்னபோது மருத்துவரின் புன்னகை மறைந்தது. புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனை எவரும் செய்யலாகாது என்றார்.

களிம்பொன்று எழுதிக் கொடுத்தார். அசைக்ளோவிர் என்பது அதன் பெயர். அதனை உலகுக்குத் தந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பெண் என்பதால் ஆய்வுப்பணி எளிதில் கிடைக்காத நாளில், உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே மேற்படிப்பை முடித்தவர் அவர்; முனைவர் படிப்பை நிறைவு செய்யாமலே 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். நச்சுயிரி புகுந்த உயிரணுவில்தான் அந்த மருந்து விழித்துக்கொள்ளும். நலமான உயிரணுவை ஏறக்குறையத் தீண்டாது. பள்ளி ஆசிரியர் ஒருவரின் மதிநுட்பம் அதில் இருப்பதாகக் கொண்டால் ஆசிரியர் உலகம் மகிழலாம். ஆயினும் நரம்பு முடிச்சில் உறங்கும் கிருமியை அம்மருந்தாலும் வெளியேற்ற இயலாது. களிம்பு, வந்த கொப்புளத்தின் நாளைச் சற்றே குறைக்கும், அவ்வளவே.

வீடு திரும்பும் வழியில், புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்லிருக்கையில் ஆசிரியை நெடுநேரம் அமர்ந்திருந்தார். முத்தம் கொடுத்த பெரியவர் யாரோ என்றாரே, யார்? விடை தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாயியின் முகம் கண்முன் நின்றது. கம்பத்து வீட்டுத் திண்ணையில், வெற்றிலையை மென்று, சிவந்த சாற்றோடு ஒரு துணுக்கைப் பேத்தியின் வாயில் இடுவாள். கடித்த பலகாரத்தின் மறுபாதி எப்போதும் பேத்திக்குத்தான். அப்பாயியின் உதட்டோரத்திலும் ஒரு பொருக்கு அவ்வப்போது இருக்கும். சிலந்தி, சிலந்தி என்பாள்.

எச்சில் பற்றித் தமிழர் கொண்டிருந்த நெறி கடுமையானது. செம்பை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடிப்பார்கள். ஒருவர் இலையில் மற்றொருவர் கை வைக்கமாட்டார். அந்நெறியைச் சாதியின் பெயரால் மனிதரை இழிவுபடுத்தப் பயன்படுத்தியதை எந்த மருத்துவமும் நியாயப்படுத்தாது. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்தவர்கள் கிருமிக்கு அஞ்சியவர்கள் அல்லர். அந்த நெறிக்கு ஒரு விலக்கு இருந்தது. அன்பு மிகுந்த இடத்தில் எச்சில் இல்லை. தாய் கடித்துக் கொடுப்பதும், பாட்டி மென்று கொடுப்பதும் எச்சிலாக எண்ணப்படவில்லை. அயலாருக்கெல்லாம் அடைத்து வைத்த கதவை உறவுக்குத் திறந்து வைத்தனர். நச்சுயிரி அந்தக் கதவு வழியேதான் தலைமுறை தலைமுறையாய் வந்துகொண்டிருந்தது.

அப்பாயியின் நிழற்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவளுடைய தோடு மூத்த மகனின் பள்ளிச் செலவுக்கு அடகு போய் மீளாமல் போயிற்று. ஜாலான் காயுக் கம்பமும் இல்லை. அவளிடமிருந்து வந்ததென்று சொல்ல இன்று எஞ்சியிருப்பது காதோரத்து நரம்பு முடிச்சில் உறங்கும் இந்த ஒன்றுதான். ஆசிரியைக்கு அப்பாயியின்மேல் சினம் வரவில்லை. ஆனால் இதனை அடுத்த கைக்கு மாற்றக்கூடாது என்ற உறுதி வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகளை அழைத்தார். மருந்தகத்துக்குச் சென்று வந்ததையும், மருத்துவர் சொன்னதையும், அப்பாயியின் வெற்றிலையையும் ஒளிக்காமல் சொன்னார். “நீ கத்தியது சரிதான், அம்மா. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் என்னவோ குற்றம் செய்தவளைப் போல ஆகிவிட்டேன்” என்றார்.

மருமகளின் கண் கலங்கிவிட்டது. சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “எனக்கும் ஈப்போவில் பள்ளி நாட்களில் வந்ததுண்டு, அத்தை. தேர்வின்போதுதான். உங்கள் பிள்ளையிடம்கூடச் சொன்னதில்லை” என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

முன்பே தொற்றிய தாயிடமிருந்து எதிர்ப்பொருள் குழந்தைக்குச் சேர்ந்து ஓரளவு காக்கும் என்றும், மார்பில் புண் இல்லாதவரை பாலூட்டத் தடையில்லை என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். ஓரளவு என்ற சொல்லை மாமியார் அழுத்திச் சொன்னார். கை கழுவி, முகக்கவசம் அணிந்து குழந்தையைத் தூக்கலாம் என்று மருத்துவர் இசைவு தந்திருந்தும், பொருக்கு உதிரும்வரை தாம் குளிப்பாட்டுவதில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார். அந்தப் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. கால்களை நீட்டத் தெரியாமலும், சோப்பு வழுக்கிய குழந்தையைப் பிடிக்கத் தெரியாமலும் அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. குளியலறை வாசலில் நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு அமர்ந்து, “தலையைத் தாங்கடா! எண்ணெயைத் துடையடா!” என்று அவர் நடத்திய வகுப்பு, அவருடைய ஆசிரியப் பணியிலேயே மிகக் கண்டிப்பான வகுப்பாக இருந்திருக்கும். நான்காம் நாள் அவனுக்குக் கை வந்தது. மூக்கை மட்டும் மெல்லிய துணியின் நுனியால் துடைத்தார்கள்.

முப்பதாம் நாள் பெயர்சூட்டு விழாவுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் வந்தனர். கூடத்தின் நுழைவிலேயே கை கழுவும் நீர்மத்தை மருமகள் வைத்திருந்தாள். வந்த பெரியவர்கள் சிலர் குழந்தையின் தாடையை விரலால் தொட்டு, அந்த விரலைத் தம் உதட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கப்படி கொஞ்ச முற்பட்டனர். முதல்முறை தொடுவதால் கேடில்லை. உதட்டுக்குப் போன விரல் மீண்டும் குழந்தையிடம் வரும்போதுதான் கேடு. அதனை விளக்கும் பொறுப்பை ஆசிரியை மருமகளிடம் விடவில்லை. “குழந்தைக்கு இன்னும் கொஞ்ச நாள் முத்தம் வேண்டாம். எனக்கே இல்லை” என்று தாமே சொன்னார். தம் உதட்டில் வந்து போன கொப்புளத்தையும் அதன் பெயரையும் கூடச் சொன்னார். ஒரு மூதாட்டி மனம் புண்பட்டு, “நாங்கள் வளர்க்காத பிள்ளையா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு ஆசிரியை விடை சொல்லாமல், அவருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்கார வைத்து, கேசரித் தட்டை நீட்டினார்.

பொருக்கு உதிர்ந்து எட்டு நாளாகியிருந்தது. எல்லாரும் உணவருந்தச் சென்றபின் மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் இட்டாள். அவர் கைகளைக் கழுவிவிட்டு வந்திருந்தார். முகத்தைக் குனியவில்லை. இரு உள்ளங்கைகளாலும் பேத்தியின் கன்னங்களை மேலிருந்து கீழாக வழித்து, விரல்களை மடக்கித் தம் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். அத்தனை விரல்களும் படபடவென்று ஒலித்தன. உறங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டுக் கண் விழித்து, அவரைப் பார்த்தது.